சிவப்புப் புள்ளி வைத்த சட்டங்கள்

விலங்கியல் செய்முறை வகுப்பின் நடுவே ஆய்வக உதவியாளர் வந்து நின்றார். "மேடம், தேனீக்கார ஆரோக்கியம் போயிட்டாராம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில, விடியகாலம்." வகுப்பை முடித்துவிட்டே கிளம்பினேன். பாதியில் விட்டால் அவருக்குப் பிடிக்காது.

திண்டிவனம் பக்கத்தில் தேனீ வளர்த்த நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வீடு வீடாகப் போய்த் தேனீப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் பிழைப்பு. ஈக்கள் குறைந்து மெலிந்த பெட்டியைக் கண்டால் பொறுக்கமாட்டார். வேறொரு வீட்டின் வலுவான பெட்டியிலிருந்து தேனீக் குஞ்சுப் புழுக்கள் நிறைந்த அடையை மரச்சட்டத்தோடு கொண்டுவந்து வைப்பார். வெளியிலிருந்து வந்தது என்று தெரிய, சட்டத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலத்தில் முனியம்மாவின் நான்கு பெட்டிகளிலும் புழுக்கள் நீர் கோத்த பைகளாகச் செத்துக் கிடந்தன. நிலக்கடலைக்கு அடித்த பூச்சிமருந்து என்றேன் நான்.

"மருந்துன்னா பறக்கற ஈ இல்ல சாவணும் மேடம்? இது ஒட்டுவாரொட்டி" என்றார் ஆரோக்கியம்.

"ஆதாரம்?"

பிரம்மதேசம் வரை ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். நானும் உடன் போனேன். நோய் கண்ட பெட்டி ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி இருந்தது. புள்ளி இல்லாதவை நன்றாக இருந்தன.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பூச்சிமருந்து என்ற என் சொல்லை எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் நேரே முனியம்மாவிடம் போனார். "அக்கா, உன் பெட்டிக்கு நோவு கொண்டாந்தது நான்தான். தெரியாம செஞ்சிட்டேன்."

"இன்னும் எத்தினி ஊட்டுக்குத் தெரியாம குடுத்துக்கினு இருக்க? வாசல்ல கால வெக்காத."

வாசல்கள் அடைபட்டால் அவருக்குப் பிழைப்பில்லை. இருந்தும் எல்லா வீடுகளிலும் போய்ச் சொன்னார். தம் அடைகளை முதலில் எரித்தார். அதன்பின், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், கத்தியைக் கொதிநீரில் போடாமல் அடுத்த பெட்டியைத் தொட்டதில்லை.

அந்தக் கோடையில் மயிலத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. சுகாதார நர்ஸ் கூட்டம் போட்டு அவரைப் பேசச் சொன்னார். "தேனீ நோவு மனுசனுக்கு வராதுங்க. ஆனா பரவற வழி ஒண்ணுதான். நம்ம கைதான் பஸ்ஸு. நோவு டிக்கெட் எடுக்காம ஏறிக்கினு போவுது."

"கண்டக்டரே நீதானய்யா!" என்றார் பின்னாலிருந்து முனியம்மா. கூட்டத்தோடு ஆரோக்கியமும் சிரித்தார்.

மறுவாரம் முனியம்மா தம் வாசலில் ஒரு செம்புத் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். "கழுவிக்கினு உள்ள வா."

சந்தேகப்படுவது படித்த என் வேலை என்று நினைத்திருந்தேன். தம் கையையே சந்தேகப்பட்டவர் அவர். அவருடைய சட்டம் ஒன்று என் ஆய்வக மேசையில் இருக்கிறது. அதையும் கொதிநீரில் முக்கி எடுத்துத்தான் கொடுத்தார். சிவப்புப் புள்ளி இன்னும் அழியவில்லை.