குறையாத கலயம்

சாரல் மாதங்களில் தென்காசியில் அரிசிக்கும் ஈரவாடை ஏறிவிடும். அடுக்களை மூலையில் இருந்த மண்கலயத்துக்குள் கையை விட்டால் அந்தக் குளிர்ந்த, லேசாகப் புழுங்கிய வாடை விரல்களில் ஒட்டிக்கொண்டு வரும், கழுவினாலும் வெகுநேரம் போகாது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளி அம்மா அந்தக் கலயத்தில் போடுவாள். ஆண்டவருக்கென்று ஒதுக்கும் அந்தப் "பிடியரிசி" எங்கள் சபையில் எல்லா வீடுகளிலும் உண்டு. சனிக்கிழமைகளில் எஸ்தர் அத்தை பையோடு வந்து அதை வாங்கிப்போய்க் "கோயிலில்" சேர்ப்பாள். தேவாலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அத்தை எங்களுக்கு உறவில்லை. "சீசன்" வந்தால் ஐந்தருவியில் அம்மாவோடு சேர்ந்து பழக்கடை போடுகிறவள்.

அந்த வருடம் சாரல் தொடங்கும் முன்பே அப்பா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். அவர் பிழைக்க வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்திருந்தேன். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆண்டவர் உங்களை நேசிக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் பயமாக இருந்தது. கேட்பதற்கு ஆளில்லை. காலையில் சோறு பொங்கிவைத்துவிட்டுக் கடைக்குப் போகும் அம்மா விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஓட்டின் மேல் தூறல் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட வேதக் கதை நினைவுக்கு வந்தது. பஞ்சகாலத்தில் ஒரு விதவையின் பானையில் எடுக்க எடுக்க மாவு குறையவே இல்லை. அம்மாவும் இப்போது விதவைதானே என்று நினைத்தேன். கலயத்தின் உட்புறம் அரிசி நின்ற மட்டத்தில் கரியால் ஒரு கோடு இழுத்தேன். சட்டைப்பை கொள்ளும் மட்டும் அரிசியை அள்ளி, சிற்றாற்றுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் கொட்டினேன். அவர் எங்களை நேசிப்பது உண்மையானால் அரிசி மறுபடி கோட்டுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் மேலே யாரும் இல்லை.

மறுநாள் பார்த்தபோது ஏறியிருந்தது, கோட்டுக்கு மேலேயே.

ஒருமுறை பார்த்தது போதாதா என்று கேட்பீர்கள். சந்தேகக்காரனுக்குப் போதாது. சாயங்காலம் அரிசி நின்ற மட்டத்தில் புதுக்கோடு இழுத்து, அள்ளிக்கொண்டுபோய் ஆற்றில் கொட்டுவதும், மறுநாள் கோட்டைப் பார்ப்பதுமாக அந்தச் சாரல் முழுவதும் ஆண்டவரைச் சோதித்துக்கொண்டே இருந்தேன். அப்பா போன பிறகு நான் சிரித்தது அந்தக் கலயத்துக்கு முன்னால்தான். ஒரு சனிக்கிழமை எஸ்தர் அத்தை பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மைனி, அண்ணன் போனதுக்கப்புறம் உங்க கை பெருத்திட்டோ? பெரிய வீட்டுக் கலயம்லாம் இதுக்கிட்ட தோத்துப்போகும்" என்று கேலி செய்தாள். அம்மா லேசாகச் சிரித்துவிட்டு அம்மிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பள்ளி விடுமுறை நாளொன்றில் ஐந்தருவிக் கடைக்குப் போயிருந்தேன். யாருக்கோ மங்குஸ்தான் நிறுத்துக்கொண்டிருந்த அம்மா, தராசைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். அத்தை முகத்தில் தண்ணீர் தெளித்து, சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்துத் திட்டினாள்: "உங்க பங்கையெல்லாம் கலயத்துல தட்டிட்டு வெறும் நீராகாரத்தக் குடிச்சா ஒடம்பு எப்படி நிக்கும் மைனி? ஒருநாள் விடியக்காலம் வந்தப்போ பாத்தேன். கேக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

பழம் கேட்டு ஆள் வரவும் அத்தை எழுந்துபோனாள். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்: "எடுக்கது நீதான்னு எனக்குத் தெரியும்லே. பசிக்கிற பிள்ள எடுக்கத்தான் செய்யும். காணிக்கையில கைவச்சான்னு நாளைக்கு ஒருத்தரும் உன்னச் சொல்லிரக் கூடாதுல்லா, அதான் போட்டேன். இனிமே பசிச்சா என்கிட்ட கேளு, என்னா?"

எனக்குப் பசிக்கவில்லை. அவள் பட்டினி கிடந்து நிரப்பிய அரிசி முழுவதும் ஆற்றில் போயிற்று. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அற்புதம் நடக்கவில்லை என்று ஆண்டவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் படித்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் என்னோடு இருந்தது. அம்மாவோ சாகும்வரை நான் சின்ன வயதில் பசித்துக் கிடந்தேன் என்றே நம்பினாள். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் நான் போதும் என்ற பிறகும் ஒரு கரண்டி சோறு வைப்பாள். அவளை அடக்கம் செய்ததிலிருந்து கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு நான் எழுந்து போனதில்லை.

இப்போது மனைவியும் இல்லை. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். பிடியரிசி எடுக்கிற வீடு எங்கள் தெருவில் ஒன்றும் இல்லை. காணிக்கையைக் கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்துக்கு நேரே போனைக் காட்டிச் செலுத்திவிடுகிறார்கள். போன ஞாயிறு சபையார் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னபோது, நான் அச்சடித்த வரிகளை விட்டுவிட்டு என் வாயால் மெதுவாகச் சொன்னேன்: "எனக்குப் பசிக்கவில்லை. நீர் இருக்கிறீரா என்று பார்க்கத்தான் கொட்டினேன்."

பதில் ஒன்றும் வரவில்லை. எடுப்பது நான்தான் என்று தெரிந்திருந்தும் அந்தச் சாரல் முழுவதும் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்ததுபோலவே அந்த மௌனம் இருந்தது. நான் நேசிக்கப்படுகிறேன் என்பதற்கு என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை. அதை நம்பித்தான் வரிசையில் கடைசி ஆளாக எழுந்துபோய், அப்பத்துக்குக் கையை நீட்டினேன்.