கம்பெனி இல்ல

போன வருடம் தீபாவளி சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. சாத்தூரிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் போகிற வழியில், உள்ளடங்கி இருக்கும் ஒரு கல்குவாரியில் நான் ஆபீஸ் பொறுப்பு பார்க்கிறேன். பொறுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகர ஷெட்டு, ஒரு மேஜை, சுற்றினால் உண்டு என்கிற ஒரு மின்விசிறி, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரு வாய். அந்த வாய் மட்டும் எனக்குக் கொஞ்சம் நீளம் என்று முதலாளியே சொல்வார்.

ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து, சுற்றுச்சூழல் ஆய்வுக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தார். வெயிலைப் பார்க்காமல் குவாரியைச் சுற்றி நடந்தார். பக்கத்து வயலில் மக்காச்சோள இலையை விரலால் தடவி, வெள்ளையாக ஒட்டிய தூசியை என்னிடம் காட்டினார். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. பாதைக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும், லாரிக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டும், சுற்றிலும் மரம் வைக்க வேண்டும், வெடி போடுவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். திரும்பி வரும்போது இதெல்லாம் நடந்திருக்காவிட்டால் வெடி போடுவதையே நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வெடி இல்லையென்றால் கல் இல்லை. கல் இல்லையென்றால் நாங்கள் எல்லாரும் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

தூசிக்கு டேங்கர் வந்தது. தார்ப்பாய் வந்தது. வேம்பும் புங்கையும் நட்டோம். முதல் வரிசையை ஆடுகள் தின்றுவிட்டுப் போயின. முள்வேலி போட்டு மறுபடி நட்டோம். ஊருக்குத் தெரிவிக்க என்ன செய்வது என்று யோசித்தபோது, முதலாளி மதுரையிலிருந்து பெரிய சைரன் ஒன்று வாங்கி வந்தார். அடடா, பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் அத்தனை பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

மத்தியானம் ஆட்களை வெளியேற்றிவிட்டு, போர்மேன் சைரனை அழுத்தினார். அது ஊளையிட்டு ஓய்ந்ததும் வெடி போட்டார்கள். புகை அடங்குவதற்குள் ஊர்ப்பக்கமிருந்து கூச்சல் கேட்டது. பெண்கள் தெருவுக்கு ஓடி வருகிறார்கள். ஆண்கள் பைக்கை எடுத்துக்கொண்டு தாயில்பட்டி ரோட்டில் பறக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் சைரன் என்றால் தீயணைப்பு வண்டி, இல்லையென்றால் ஆம்புலன்ஸ். எங்கோ பட்டாசுக் கம்பெனி வெடித்துப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். இத்தனை நாளும் வெடிச்சத்தம் மட்டும் அவர்களைத் திடுக்கிட வைத்தது. நாங்கள் அதற்குச் சைரனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

எங்கள் கேட்டுக்கு ஓர் அம்மா ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. முந்தானை தரையில் புரண்டது. மூச்சு வாங்க ஒரே கேள்விதான் கேட்டார்.

"எந்தக் கம்பெனி தாயி?"

"கம்பெனி இல்லம்மா. நம்ம குவாரி வெடிதான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. மகள் காலையில்தான் கம்பெனி வேனில் ஏறிப் போயிருக்கிறாள். மகளின் போனுக்கு அடித்து அடித்துப் பார்க்கிறார், எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? வெடிமருந்து புழங்குகிற இடத்துக்குள் போன் கொண்டு போகக்கூடாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் பெற்ற வயிறு கேட்குமா? எங்கள் போர்மேன் அந்த வேன் டிரைவரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். டிரைவர் கம்பெனிக்குள் போய் விசாரித்துவிட்டு வந்து, "அம்புட்டுப் பேரும் சாப்பிட உக்காந்திருக்காக. சும்மா இருங்க" என்றார். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ஒங்க வீட்டுல கம்பெனிக்குப் போற ஆளு யாருமே இல்லையா? இப்படியா ஊளை விட வைப்பீக?"

"இருந்தாக" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

என் அக்கா. எனக்குத் தலை பின்னிவிட்டு, எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியாகத் தனக்குக் கட்டிக்கொண்டு வேனுக்கு ஓடுவாள். சாயங்காலம் பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடி ஒட்டி விரல் நகமெல்லாம் வெள்ளி நிறத்தில் மின்ன வந்து, அதே கையால் என் கன்னத்தைக் கிள்ளுவாள். ஒரு மத்தியானம் சத்தம் கேட்டது. நானும் இப்படித்தான் செருப்பில்லாமல் ஓடினேன். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் "எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி" என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். அக்கா வேலை பார்த்த கம்பெனியின் பேரைத்தான் எல்லாரும் சொன்னார்கள்.

அந்த அம்மா கிளம்பும்போது, "மிசினு வேணாம் தாயி. வாயத் தொறந்து சொல்லுங்க, போதும்" என்றார். நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சைரனைக் கழற்றிவிட்டு, ஊரைப் பார்த்து ஒலிபெருக்கி கட்டினோம். போர்மேன் பேசிப் பார்த்தார். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். கடைசியில் மைக் என் கைக்கு வந்தது. "குவாரில இருந்து பேசுறேன். இப்ப நம்ம வெடி போடப்போறோம். கம்பெனி இல்ல. யாரும் பயப்படாதீக" என்றேன். கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன்.

அதிகாரி அம்மா மறுபடி வந்தபோது இதைக் கேட்டார். "வெடி போடப்போறோம்னு சொன்னாப் போதுமே, கம்பெனி இல்லன்னு எதுக்குங்க?" என்றார். அவர் வெளி மாவட்டத்துக்காரர். நான் வயல் பக்கம் பார்க்கச் சொன்னேன். எங்கள் வெடிச்சத்தம் வந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர்கூட நிமிரவில்லை. அதிகாரி அம்மா எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். குவாரி தொடர்ந்து நடக்கிறது.

வெடி போடும் நாளெல்லாம் ஓர் ஊருக்கே நான் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவைத் தேடி ஓடிய அன்றைக்கு எனக்கும் யாராவது ஒருத்தர் குறுக்கே வந்து, "ஒங்க அக்கா கம்பெனி இல்ல" என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று, மைக்கை அணைக்கும்போதெல்லாம் இன்னும் மனசு ஏங்கிப் போகிறது.