மாமன் சீரில் ஸ்டீரிங் எங்கே?

போன வாரம் ஒரு ஸ்டீரிங் வாங்கினேன்.

கார் வாங்கவில்லை. ஸ்டீரிங் மட்டும். கூடவே காலால் மிதிக்கிற பெடல். அந்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் அக்கா. முன் சீட்டுக்காரர் திரும்பி, பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வண்டி எங்க சார் கீது?"

"வண்டி முன்னாடியே குடுத்தாச்சு. இத வுட்டுட்டோம்" என்றேன். அவர் இறங்கும்வரை என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் சொன்னது சத்தியமான உண்மை. அந்த வண்டி ஒரு லேப்டாப்!

அக்கா மகள் ரேவதிக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். தாய்மாமன் என்றால் சும்மாவா? மாலை போட வேண்டும், பந்தியில் ஒரு தடவையாவது கோபித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் - சீர் செய்ய வேண்டும். நான் மனதுக்குள் ஒரு கிரைண்டரை முடிவு செய்துவிட்டு, ஒரு மரியாதைக்காக அவளைக் கேட்டேன்.

"மாமாகிட்டேர்ந்து இன்னாமா வேணும்?"

"லேப்டாப் மாமா. கேம் ஆடற லேப்டாப்."

ரேவதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். பார்த்தால் சாது. நிஜ வாழ்க்கையில் ஸ்கூட்டி எடுத்தால் தெருமுனை தாண்டுவதற்குள் அக்கா "மெதுவா, மெதுவா" என்று நாலு தடவை கத்துவாள். ஆனால் வீட்டு மூலையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்தால்... கார் ரேஸ்! ராத்திரி, மழை, வழுக்குகிற ரோடு, இருநூறு கிலோமீட்டர் வேகம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரேஸ் முடிந்தபோது நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அதான் ஒண்ணு கீதே, அத்தயே எடுத்துக்கினு போயேன்" என்றேன்.

"அந்த மானிட்டர பாத்தியா மாமா? கூடவே டேபிளு, யூபிஎஸ்ஸு. மருமக டிவிப்பொட்டியோட வந்து எறங்கிட்டாம்பாங்க. அங்க கீறதே சின்ன ரூமு."

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இத இங்க வுட்டுட்டுப் போனா, நான் அப்பறம் ஆடவே மாட்டேன் மாமா. எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். சின்ன வயதில் அக்கா கேரம் ஆடினால் எங்கள் தெருவில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் ஸ்ட்ரைக்கரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. யாரும் ஆடாதே என்று சொல்லவில்லை. போர்டு பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டது. அவ்வளவுதான்.

கிரைண்டரை மனதிலிருந்து இறக்கி வைத்தேன்.

பஜாரில் ஜாபர் பாய் கடைக்குப் போனோம். வாட்ச் விற்ற கடை, அப்புறம் ரேடியோ, அப்புறம் செல்போன், இப்போது கம்ப்யூட்டர். கண்ணாடி அலமாரியில் வெள்ளி நிறத்தில் ஒரு லேப்டாப் இருந்தது. மெலிசு என்றால் அப்படி ஒரு மெலிசு. தாம்பாளத்தில் வைத்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்! எனக்குப் பிடித்துவிட்டது.

"இதுல கிராபிக்ஸ் கார்டு இன்னா பாய்?" என்று கேட்டாள் ரேவதி.

பாய் சிரித்தார். "இதுல லெட்டர் அடிக்கலாம் தங்கச்சி. கேமுக்குன்னா ரெடிமேட் வாணாம். பாடி மட்டும் தனியா வாங்குவோம். உள்ள இன்னா இன்னா போடணும்னு நீயே சொல்லு, மெட்ராஸ்ல சொல்லி ரெடி பண்றேன்."

லேப்டாப்பைச் சட்டை மாதிரி அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பணம் என்னுடையது, வாய் பாயுடையது, கத்தரி மட்டும் ரேவதி கையில். அவர் உசத்தியான பிராசஸர் சொன்னார். "அதுக்குக் கீழ உள்ளதே கேமுக்குப் போதும்." ராம்? "இப்பத்திக்குப் பாதி." ஹார்டு டிஸ்க்? "நடுவுல உள்ளது." ஸ்கிரீன்? அதில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிசுதான் வேண்டும்.

நானும் ஏதாவது சொல்ல வேண்டாமா? தாய்மாமன் ஆச்சே! "கேமரா போட்டுக்கோமா. எங்க மூஞ்சியெல்லாம் பாத்துப் பேசலாம்."

"ரெண்டு பஸ் மாறினா நேர்லயே வந்து பாக்கலாம் மாமா." கேமராவும் போயிற்று.

மிச்சம் பிடித்த அத்தனையையும் கொண்டுபோய் ஒரே இடத்தில் கொட்டினாள். கிராபிக்ஸ் கார்டு. ஸ்கிரீனில் படத்தை ஓட்டுவது அதுதானாம். இருப்பதிலேயே பெரிய கார்டு. எனக்குத் தாங்கவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு பச்சைத் தகட்டுக்கா இத்தனை?

பாய்தான் விளக்கினார். "ராம் அப்பறம் ஏத்திக்கலாம் சார். ஹார்டு டிஸ்க்கு மாத்திக்கலாம். டெஸ்க்டாப்புன்னா கார்டக்கூட புடுங்கிட்டு வேற சொருவலாம். லேப்டாப்புல அது நடக்காது. மொதல்ல இன்னா போடறமோ, கடைசி வரைக்கும் அதோடதான் வாழணும்."

"மாப்ள மாதிரி" என்றாள் ரேவதி.

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள், எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரிகிறது? நாம் திரைச்சீலைக்கு அலைவோம், வீட்டுக்கு அஸ்திவாரத்தில் பிசிநாறித்தனம் பண்ணுவோம். பின்னால் மாற்ற முடியாததில்தான் முதலில் பணத்தைக் கொட்ட வேண்டும். நான் கொட்டினேன்.

"ஒரே ஒரு விஷயம்" என்று பாய் தலையைச் சொறிந்தார். "இந்தக் கார்டு பேட்டரியக் குடிச்சிடும். கேம் ஆடினா ஒரு மணி நேரம்கூட நிக்காது."

"தெனம் கரண்ட்டு ரெண்டு மணி நேரம் போவுதே!" என்றேன் நான்.

"மீதி நேரம் சமைக்கறேன் மாமா."

வந்து இறங்கியது பாருங்கள்... நான் கனவு கண்டது பூனைக்குட்டி, வந்தது எருமை! கறுப்பாக, தடியாக, சின்ன சூட்கேஸ் சைஸில். சார்ஜரே செங்கல் மாதிரி இருந்தது. பாய் கடையிலேயே ஓட விட்டோம். மிக்ஸி மாதிரி சத்தம். ஆனால் ஸ்கிரீனில்... ஈர ரோட்டில் தெருவிளக்கு ஒவ்வொன்றும் மினுங்கி மினுங்கிப் பின்னால் ஓடியது! செல்போன் ரீசார்ஜ் பண்ண வந்தவர்களெல்லாம் அதை மறந்துவிட்டுக் கூட்டமாக நின்றார்கள். ரேவதி ஜெயித்ததும் யாரோ விசில் அடித்தார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அக்காவுக்கு மட்டும் ஒரே பயம். காரணம் சம்பந்தி ஏகாம்பரம். மாப்பிள்ளை முரளியின் அப்பா. புள்ளலூர்க்காரர். பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெண் பார்க்க வந்தபோது மொத்தமாக அவர் பேசியது இரண்டே வார்த்தை. "தண்ணி." அப்புறம், "கெளம்பலாம்."

"வெளையாடறதுக்குன்னு மட்டும் வாயத் தொறந்துடாதடி" என்றாள் அக்கா. "கணக்கு எழுத, ஆபீஸ் வேல பாக்கன்னு சொல்லிடு. மாமனாரு இன்னா நெனப்பாரு? ஆட வந்த பொண்ணுன்னா?"

"முரளிக்குத் தெரியும்மா."

"அவரு இன்னா சொன்னாரு?"

"'அப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ'ன்னாரு."

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பல்லவனும் சாளுக்கியனும் படையோடு மோதிக்கொண்ட ஊர் புள்ளலூர், அங்கே ஒரு கார் ரேஸ் பெரிய விஷயமா என்று ரேவதிக்கு வீரம் ஊட்டினேன். அப்புறம் அக்கா முறைத்ததும், "கணக்கு எழுதன்னே சொல்லிடேம்மா" என்று கட்சி மாறினேன்.

"ராம் அப்பறம் ஏத்திக்கலாம் மாமா. மொத நாளு சொன்ன பொய்ய அப்பறம் மாத்த முடியாது" என்றாள் ரேவதி.

பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துச் சீரெல்லாம் பரப்பியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். லேப்டாப்பையும் தூக்கினாள் ஒரு அம்மா. "அடேங்கப்பா, இன்னா கனம்! நல்ல ஜாமான்தான் குடுத்துக்கீறாங்க." மெலிசு வாங்காமல் தப்பித்தேன்!

அப்போது ஏகாம்பரம் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது எதுக்கு?"

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரேவதி சொல்லிவிட்டாள்.

"வெளையாடறதுக்கு மாமா. கார் ரேஸு."

மேளக்காரர்கள்கூட அந்த நேரம் பார்த்துக் காபி குடிக்கப் போயிருந்தார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். ஏகாம்பரம் அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கியர் கீதா?"

"கீது மாமா."

"நாம மாத்தணுமா, அதுவே மாத்திக்குமா?"

"ரெண்டும் கீது. நான் கையாலதான் மாத்துவேன்."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அதுவே மாத்திக்கினா அப்பறம் டிரைவரு எதுக்கு?"

சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, ஓட்டு பாக்கலாம்."

கை நிறைய வளையலோடு கல்யாணப் பெண் கார் ரேஸ் ஓட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். முரளி தூண் மறைவிலிருந்து பார்த்தார். மண்டபமே பார்த்தது. நான் கவனித்தது ஏகாம்பரத்தின் வலது காலை. ஒவ்வொரு திருப்பத்திலும் அது தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி மிதித்தது. ரேஸ் முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க மாமன்காரரே! வண்டி குடுத்தீங்க, சரி. ஸ்டீரிங்க வுட்டுட்டீங்களே?"

சம்பந்தி சீரில் குறை சொல்லிவிட்டார்! பெண் வீட்டுக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், உயிரைப் போக்க? ஆனால் எனக்கு மண்டபத்தின் நடுவிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. அக்கா என் முழங்கையை விட்டுவிட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் சிரித்தாள். இவ்வளவு சந்தோஷமான குறையை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை.

அந்த ஸ்டீரிங்தான் இந்த ஸ்டீரிங். காஞ்சிபுரத்தில் பஸ் மாறிப் புள்ளலூரில் நாங்கள் நுழைந்ததும் ஏகாம்பரம் பெட்டியை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார், காபி கொடுக்கக்கூட மறந்துவிட்டார். இஸ்திரி போடும் மேஜையில் அதைப் பொருத்தி, பெடலைத் தரையில் வைத்து, உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி... முதல் ரேஸில் கடைசி. அடுத்து ஓட்டிய மருமகள் முதல்! "ரோடு சரியில்ல" என்றார். முரளி தன் முறைக்காகச் சுவரில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், ரொம்ப மெதுவாக. "நான் ஒருவாட்டி பாக்கட்டுமா?"

அக்கா!

ஏகாம்பரம் எழுந்து இடம் விட்டார். அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, போன வேகத்தில் நேராகச் சுவரில் மோதினாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "மெதுவா, மெதுவா" என்று கத்தினாள் ரேவதி. அக்கா காதில் வாங்கவில்லை. மறுபடியும் ஓட்டினாள். ஊருக்குத் திரும்ப வேண்டிய கடைசி பஸ்ஸை நாங்கள் தவறவிட்டது இப்படித்தான்.

நேற்று முரளி போன் பண்ணினார். சீரில் அப்பா இன்னொரு குறை கண்டுபிடித்திருக்கிறாராம்.

ஹாரன் இல்லையாம்!