குவாட் இஞ்சின்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, மலாயாவில் பெக்கான் நானாஸ் என்ற ஊரில் ஒரு சீனத் தௌக்கேயின், அதாவது முதலாளியின், வொர்க்‌ஷாப்பில் நான் பிட்டராக இருந்தேன். ஒரு நாள் காலையில் காளியப்பனின் சின்ன லாரியை மாடு கட்டி இழுத்து வந்தார்கள். இன்று நீங்கள் பிக்கப் என்கிறீர்களே, அந்த ரகம். பானெட்டைத் திறந்து பார்த்தேன். இஞ்சின் பிளாக்கில் கையளவு விரிசல். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறான். ஒட்டுப்போட்டாலும் தாங்காது, வேறு இஞ்சின்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

காளியப்பன் முன்பு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவன். வெளியே வந்து இந்த வண்டியை வாங்கி, உள்ளே இருக்கும் தோட்டங்களிலிருந்து அன்னாசிப் பழம் ஏற்றிவந்து பேக்டரியில் இறக்குவான். அதிகம் பேசாத ஆள். அன்றைக்கு மட்டும் விடாமல் பேசினான்.

“அண்ணே, இந்தத் தடவ நல்லா குவாட்டான இஞ்சினாப் போட்டுருங்க. அழுத்துனா பறக்கணும்.”

“அன்னாசிப் பழத்துக்கு அப்படி என்னய்யா அவசரம்? முகூர்த்தம் தவறிடுமா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பின்கொட்டகையில் இரண்டு இஞ்சின்கள் இருந்தன. ஒன்று இவன் வண்டியைப் போன்ற சின்ன லாரியிலிருந்து எடுத்தது, நாலு சிலிண்டர். இன்னொன்று, மரத்தில் மோதி நசுங்கிய ஒரு துரையின் பெரிய காரில் இருந்து கழற்றியது, ஆறு சிலிண்டர். இரண்டையும் மரச்சட்டத்தில் ஏற்றி ஓட்டிக் காட்டினேன். நாலு சிலிண்டர் தையல் மெஷின் மாதிரி தன்பாட்டுக்கு ஓடியது. ஆறு சிலிண்டருக்கு சைலன்சர் கிடையாது. கிளப்பியதும் கூரைத் தகரமே அதிர்ந்தது.

“குவாட்!” என்றார் தௌக்கே.

“குவாட் லா!” என்றான் காளியப்பன், கண் பளபளக்க.

மலாயில் பலமாக இருந்தாலும் குவாட், சத்தமாக இருந்தாலும் குவாட். தௌக்கே எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. பொய் சொல்வானேன், அந்த இஞ்சின் உண்மையிலேயே அருமையான இஞ்சின். அதை மாட்டி ஓட்டிப் பார்க்க எனக்கும் கை பரபரத்தது.

ஆறு சிலிண்டருக்காக வண்டியின் மவுண்டிங்கை வெட்டி ஒட்டி இடம் பண்ணினேன். செயின் பிளாக் கப்பியில் இஞ்சினைத் தொங்கவிட்டு மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தபோது காளியப்பனின் மனைவி பொன்னம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். நிறைமாதம். பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னேன். சங்கிலி தளர்ந்ததும் பாரம் முழுக்க வண்டியில் இறங்கியது. முன்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகி, வண்டியின் மூக்கு ஒரு சாண் தாழ்ந்துபோனது.

பொன்னம்மா எழுந்துவிட்டாள். “அண்ணே, அன்னிக்கும் இப்படித்தான் மூக்கு கீழ போச்சு.”

“நீ சும்மா இரு” என்றான் காளியப்பன்.

“ஏன் சும்மா இருக்கணும்?” என்று அவள் என் பக்கம் திரும்பினாள். “எங்க மூத்த பொண்ணுக்குக் கடுமையான காய்ச்சல்ணே. ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புனோம். எங்க வீட்டுலேருந்து தார் ரோட்டுக்கு வர்ற கறுப்பு மண்ணுல வண்டி பதிஞ்சுபோச்சு. ஆளுங்க வந்து தூக்கிவிடுறதுக்குள்ள என் மடியிலேயே போயிட்டா. இஞ்சினுக்குப் பலம் பத்தாமத்தான் புள்ள போச்சுன்னு இவரு இன்னும் சொல்லிக்கிட்டிருக்காரு.”

நான் அடித்த முகூர்த்தக் கிண்டல் என் நெஞ்சிலேயே குத்தியது. அந்தப் பக்கத்து மண் எனக்குத் தெரியும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஊறிய பஞ்சு.

“காளியப்பா, அன்னிக்கு இஞ்சின் நின்னுபோச்சா?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே. கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. மூக்கு பதிஞ்சு கெடந்துச்சு, பின்சக்கரம் சும்மா சுத்துச்சு. நான் அழுத்த அழுத்த இன்னும் உள்ளதான் போச்சு.”

“அப்ப இஞ்சின் மேல குத்தமில்ல. உன் மேலயும் குத்தமில்லப்பா. அந்த மண்ணு தாங்கல. இவ்ளோ கனமானத மாட்டுனா இன்னும் சீக்கிரமா பதியும்.”

அவன் மட்கார்டில் கையை ஊன்றித் தலை குனிந்து நின்றான். அழுகிறான் என்பது தோளைப் பார்த்தே தெரிந்தது. பொன்னம்மா அருகில் போய் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதத் தூக்கிருங்கண்ணே, சின்னதே போதும்” என்றான்.

“அலமாக்!” என்று தலையில் கைவைத்தார் தௌக்கே. பாதி நாள் வேலை வீண் என்று மலாயில் முனகினார். ஆனால் மறுநாள் காலையில், சேற்றில் சக்கரத்துக்கு அடியில் போடும்படி இரண்டு கனத்த பலகைகளை அவரே லாரியில் தூக்கிப் போட்டிருந்தார்.

நாலு சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து, புது பிஸ்டன், ரிங் போட்டு, வால்வுகளைத் தேய்த்து வைத்தேன். முன்னால் இருந்த கனமான இரும்பு பம்பரைக் கழற்றினேன். சேற்றில் அகலமாகப் படியும்படி டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். தார் ரோட்டில் அது பறக்கவில்லைதான். கறுப்பு மண்ணில் முழுப் பாரத்தோடு போய் வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ இஞ்சின்கள் மாற்றியிருக்கிறேன். குதிரைசக்தி எவ்வளவு என்று நீங்கள் கேளுங்கள், தவறில்லை. அதற்கு முன்னால் வண்டி எந்த மண்ணில் ஓடப்போகிறது என்று கேளுங்கள். ஓட்டுகிறவரிடம் மட்டும் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரிடமும் கேளுங்கள்.

அந்த மாதமே அடைமழையில் ஒரு நாள், காளியப்பன் பொன்னம்மாவைப் பிரசவத்துக்கு ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டிப் போனான். நிறுத்தவில்லை, ஹாரன் மட்டும் அடித்தான். வண்டி கதவு வரைக்கும் கறுப்புச் சேறு. அவர்கள் ஊர் திரும்பிய அன்றுதான் கடை முன்னால் நிறுத்தினான். பொன்னம்மா மடியில் பெண் குழந்தை. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, குழந்தை அசையாமல் தூங்கியது.

தௌக்கே குனிந்து குழந்தையைப் பார்த்தார். பிறகு பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, குழந்தை விழித்துவிடாதபடி மெல்லிய குரலில் சொன்னார்.

“குவாட்.”