கோட்டுக்கு வெளியே வில்மார்

சரந்தி ஊரில் ஒருவர் செத்துப்போனால், வில்மார் ஓலிவெரா சொன்ன பிறகுதான் அது உறுதியாகும். அதுவரை டாக்டர் சொன்னதெல்லாம் வெறும் அபிப்பிராயம்.

பழைய வெள்ளைக் கார், அதன் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, கையில் மைக். இதுதான் வில்மாரின் பிழைப்பு. சாவுச் செய்தி, சர்க்கஸ் வருகை, தடுப்பூசி முகாம், காணாமல் போன கன்றுக்குட்டி எல்லாவற்றையும் அவர்தான் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார். ஒருமுறை காகிதம் மாறிப்போய் கோழிக்கடைத் தள்ளுபடியைச் சாவுக் குரலில் வாசித்துவிட்டார். வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றிய இரண்டு கிழவர்கள் அப்படியே போய் ஆளுக்கொரு கோழி வாங்கிவந்தார்கள்.

உண்மையில் மைக்கும் ஒலிபெருக்கியும் மரியாதைக்குத்தான். அவர் தொண்டைக்கு அவை தேவையே இல்லை.

அந்தத் தொண்டை சனிக்கிழமைகளில் மகளுக்காக வேலை செய்தது. மகாலிக்கு ஆறு வயதானபோது ரயில் பாலத்தடியில் இருந்த சிறுவர் கழகத்தில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பையன்களோடு கலந்து ஆடினாள். நெட்டைக் கால், பெரிய வேகமில்லை. ஆனால் பின்வரிசையில் நின்றால், பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே அதற்கு முன்னாலேயே போய் நிற்பாள். அது எப்படி என்று கேட்டால் வில்மார் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார்.

"மகாலீ, ஏறு! மகாலீ, எறங்கு! இடது பக்கம்! உன் இடது இல்லம்மா, என் இடது!"

கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் கிண்ணம், கோட்டோரமாக நடை. ஒரு ஆட்டத்தில் ஐந்து கிலோமீட்டராவது நடப்பார். "ஏழாம் நம்பர் தனியா நிக்கிறான், பாரு!" என்று அவர் கத்தினால், எதிரணிப் பயிற்சியாளர் நிதானமாகத் தன் பிள்ளைகளைப் பார்த்து, "கேட்டுச்சில்ல? ஏழாம் நம்பருக்குக் குடுங்க" என்பார். அப்படியே இரண்டு கோல் விழுந்திருக்கிறது. வில்மார் அதை ஒப்புக்கொண்டதில்லை.

மனைவி மிர்தா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். மூன்று தெரு தள்ளி வீடு. ஆறு வருஷத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. "எதுக்கு வரணும்? மெஷின்ல உக்காந்திருந்தாலே ஸ்கோர் தெரியுது. தெரிய வேண்டாம்னாலும் தெரியுது" என்பாள்.

மகாலிக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்த மார்ச் மாதத்தில், தலைநகரத்தின் ஒரு பெரிய கழகம் வெளியூர்ப் பெண் பிள்ளைகளுக்காக துராஸ்னோ நகரில் ஒரு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இரண்டு சனிக்கிழமை தேர்வு. எத்தனை பேர் வந்தாலும் இருபத்திரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். அந்த அறிவிப்பை ஊருக்குச் சொல்லும் வேலை வில்மாரிடமே வந்தது. நேர்மையாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு தெருவில் மட்டும் மைக் வேலை செய்யவில்லை. அந்தத் தெருவில் பின்வரிசை ஆடும் இன்னொரு பெண் இருந்தாள்.

"பேட்டரி வீக்காயிடுச்சு" என்றார் வீட்டில்.

"அந்தப் பொண்ணோட அம்மா போன்ல பாத்துட்டு அன்னைக்கே பேர் குடுத்துட்டாங்க. ஒனக்கு வெக்கமா இல்ல?" என்றாள் மிர்தா.

"பேட்டரிக்கு என்ன வெக்கம்?"

முதல் சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரப் பயணம். வழி முழுக்க வில்மார் ஆலோசனை சொன்னார். மகாலி பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்து, "ம்" கொட்டிக்கொண்டே தூங்கினாள்.

மைதானத்தில் நூற்று நாற்பது பெண்கள், அவர்கள் குடும்பங்கள், அவரவர் ஃபிளாஸ்க்குகள். தேர்வை நடத்தியவள் ரோசினா. எல்லோரும் அவளை டீச்சர் என்றே அழைத்தார்கள். குட்டையான உருவம், கழுத்தில் விசில், அதட்டாமலே ஆட்களை ஒதுங்கவைக்கும் பார்வை. பெற்றோர்களைக் கூட்டி ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள்.

"இருபது மீட்டர் தள்ளிக் கயிறு கட்டியிருக்கு. அதுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. அறிவுரை கூடாது. ரெஃப்ரிகிட்டப் பேசக் கூடாது. புள்ள பேரச் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. கை தட்டலாம், ரெண்டு டீமுக்கும்."

வில்மார் கை தூக்கினார். "எதிர் டீமுக்குமா?"

"இங்க எதிர் டீம்னு ஒண்ணு கெடையாது, சார்."

வில்மாருக்கு அது மதத்துக்கே விரோதமான பேச்சாகப் பட்டது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து வந்ததும் மகாலி திரும்பிக் கயிற்றுப் பக்கம் பார்த்தாள். குரல் வரவில்லை. இரண்டாம் பந்துக்கும் பார்த்தாள். அந்தப் பார்வைக்குள் ஒருத்தி அவளைத் தாண்டிப்போய் கோல் போட்டுவிட்டாள். வில்மார் மாத்தே உறிஞ்சும் உலோகக் குழலைப் பற்களால் கடித்தார். குழல் வளைந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கால் மணி நேரத்துக்குப் பிறகு மகாலி திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். எதிரணி முன்வரிசைக்காரி பந்தை வாங்குவதற்கு முன்பே ஓரடி முன்னே வந்து, அதை நகத்தால் கிள்ளுவதுபோல் எடுத்துக்கொண்டாள். ஒருமுறை. மறுமுறை. இதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லையே என்று வில்மார் நினைத்தார். சந்தோஷமாகவும் இருந்தது, சட்டைப்பையில் இருந்து எதையோ யாரோ எடுத்துக்கொண்டதுபோலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பழுப்பு நாய் மைதானத்துக்குள் நுழைந்தது. உயரப் பந்தைப் பார்த்தபடி மகாலி பின்னோக்கி ஓடி வருகிறாள். நாய் நேராக அவள் கால்களுக்குப் பின்னால்.

"நாஆஆய்!"

இருபத்திரண்டு பெண்களும் உறைந்தார்கள். பந்து யாரும் தொடாமல் விழுந்து குதித்தது. அடுத்த மைதானத்தில் நடந்துகொண்டிருந்த ஆட்டமும் நின்றது. நாய் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

ரோசினா கயிற்றருகே வந்தாள். "யாரு அது?"

அத்தனை குடும்பங்களும் ஒரே திசையில் கை காட்டின.

"கையெழுத்துப் போட்டீங்களே, சார்."

"டீச்சர், அது அறிவுரை இல்ல. நாய்."

"அந்தக் காகிதத்துல நாய்க்கு விதிவிலக்கு இல்ல. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அடுத்த சனிக்கிழமை நீங்க உள்ள வர வேணாம்."

மகாலி இரண்டாம் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தாள். திரும்பும் வழியில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

"அந்த நாய் விஷயத்துல என் மேல கோவமா?" என்று பாதி வழியில் கேட்டார் வில்மார்.

"அதெல்லாம் இல்லப்பா. நாயை நான் முன்னாடியே பாத்துட்டேன்." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே ஆடுகளைப் பார்த்தாள். "நீ கத்தாம இருந்தப்ப மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

வில்மார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கோச்சுக்கிட்டியாப்பா?"

"இல்லம்மா. ரோட்டப் பாக்குறேன்."

முப்பது கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத ரோடு அது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அடுத்த வாரம் யார் போவது என்ற பேச்சு வந்தது. "நான் போறேன். நான் வாயே தொறக்க மாட்டேன். பந்து உருண்டையா இருக்கும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றாள் மிர்தா.

அடுத்த சனிக்கிழமை மிர்தா தையல் பையோடு உள்ளே போனாள். இரண்டு சீருடைகளுக்குக் காஜா எடுக்க வேண்டியிருந்தது. வில்மார் மதில் சுவருக்கு வெளியே காரில் உட்கார்ந்தார். சுவர் உயரம். விசில் கேட்டது, பந்து உதைபடும் சத்தம் கேட்டது. இது மகாலி உதைத்தது, இது இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபது நிமிஷம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் வெடித்தது.

"அது ஃபவுல் இல்லையா? கண்ணு என்ன சட்டைப் பொத்தானா? அவ காலு முறியப் பாத்தா, நீ விசிலச் சூப்பிக்கிட்டு நிக்கிற!"

வில்மார் தலையை ஆட்டினார். யார் பெற்ற பிள்ளையோ, அதன் கதை முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு வாய்த்த புருஷனை நினைத்துக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டார்.

"எந்திரி மகாலி! எந்திரிச்சுப் போயி அவகிட்ட இருந்து புடுங்கு!"

அவர் கையில் இருந்த மாத்தே மடியில் கொட்டியது. பதினாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் குரலை அவர் அந்த அளவில் கேட்டதே இல்லை. பயந்துபோனார். பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவர் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நிமிஷத்தில் கேட் திறந்தது. மிர்தா வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது, கையில் நூல் கோத்த ஊசி இன்னும் இருந்தது.

"கதவத் தொற."

"என்ன ஆச்சு?"

"அந்தச் செம்பட்டத் தலக்காரி நம்ம புள்ளயத் தள்ளிவிட்டா."

"நீ கத்துனியா?"

"நான் எங்க கத்துனேன்? எடுத்துச் சொன்னேன்."

"வெளிய அனுப்பிட்டாங்களா?"

"நானா வந்துட்டேன். அந்த டீச்சர் கேட் வரைக்கும் கூட வந்தா, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு இருவரும் காரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தால் அடி விழும் என்று வில்மாருக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை மிர்தா பார்த்துவிட்டாள். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கிள்ளியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு ரோசினா கையில் காகிதத்தோடு கார் அருகே வந்தாள். பின்னால் முழங்காலெல்லாம் மண்ணோடு மகாலி. அவள் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மகாலியோட அப்பா அம்மா நீங்கதானா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேறு வழியில்லை. "ஆமா."

"எடுத்திருக்கோம். இருபத்திரண்டு பேர்ல இருபதாவது. வேகம் பத்தாது, இடது கால்ல ஆடவே வரல. ஆனா ஆட்டத்தப் படிக்கிறா. சுத்தி எவ்வளவு ரகளை நடந்தாலும் பதற மாட்டேங்கிறா." இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது எப்படின்னு இப்பப் புரியுது."

மகாலி அப்போதுதான் பல் தெரியச் சிரித்தாள்.

"ஆனா ஒரு நிபந்தனை" என்றாள் ரோசினா. "பெத்தவங்களுக்கு நாலு சனிக்கிழமை வகுப்பு இருக்கு. பொதுவா யாராவது ஒருத்தர் வந்தாப் போதும். நீங்க ரெண்டு பேரும் வரணும்."

வகுப்பு ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு பெற்றோர்கள், மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு மனநல ஆலோசகர். பிள்ளை தப்பு செய்யும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எழுதுங்கள் என்றார். வில்மார் ஒன்றரைப் பக்கம் எழுதினார். மிர்தா "பசி" என்று எழுதினாள்.

மூன்றாம் வகுப்பில் வெளியே அழைத்துப்போய் எட்டுக் கூம்புகளை வரிசையாக வைத்தார்கள். ஒருவர் அவற்றின் நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். மற்ற பதினொரு பேரும் ஒரே நேரத்தில் வழி சொல்ல வேண்டும். முதலில் வில்மார். மரியாதைக்குத் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு கிளம்பினார்.

"இடது! இடது!" "வலது கால்ல தட்டுங்க அண்ணே!" "மெதுவா!" "என்னய்யா மெதுவா, வேகமாப் போ!" "தலையத் தூக்கு!" "பந்தப் பாரு!"

இந்தக் கடைசிக் குரல் மிர்தாவுடையது. இரண்டாவது கூம்பு வரை போனார். மூன்றாவதில் பந்து ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயிற்று. முழங்கால் தரையில் ஊன்ற, "ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்கய்யா! என்ன செய்யறதுன்னே தெரியலியே!" என்று கத்தினார்.

கத்திய வாய் அப்படியே திறந்திருக்க, சற்று நேரம் அங்கேயே மண்டியிட்டிருந்தார். எதிர் மைதானத்தில் பயிற்சியில் இருந்த மகாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்கும்வரை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்காக ரோசினா அவளை மைதானத்தை இரண்டு சுற்று ஓடவைத்தாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் துராஸ்னோவுக்குப் போய் வருகிறார்கள். இருபதாவது இடம் இப்போது எத்தனையாவது என்று யாரும் சொல்வதில்லை. பட்டியலில் பேர் இருக்கிறது, அவ்வளவுதான். இடது கால் கொஞ்சம் தேறியிருக்கிறது. போன ஆகஸ்டில் தலைநகரத்து அணியோடு ஆடி நான்குக்குப் பூஜ்யம் தோற்றார்கள். நான்கில் ஒன்று மகாலியின் தவறால் விழுந்தது. மழை கொட்டியதால், ஆட்டம் முடிந்து எல்லோரும் கொட்டகையில் ஒதுங்கினார்கள். யாரோ தோர்த்தா என்ற மாவு அப்பம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை தூவிச் சூடாக ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

வில்மார் ஆட்டம் முழுக்கக் கயிற்றுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நின்றிருந்தார். இப்போதும் ஒன்றும் சொல்லாமல் மகளின் தலையைத் துவட்டிவிட்டார். ஆனால் மிர்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ரெண்டாவது கோலு," என்று மேஜையில் கப்புகளை நகர்த்தினாள், "நீ இங்க நின்ன. உன் கூட்டாளி இங்க. நீ ஓரடி முன்னாடி ஏறியிருந்தா அவங்க ஆளு ஆஃப்சைடு."

"ஏறினேன்மா. அவதான் ஏறல." மகாலி சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளினாள். "பாரு, கீப்பர் இது. பந்து இந்தப் பக்கமா வருது..."

"அப்போ அவளக் கூப்பிட்டிருக்கணும்ல?"

"கூப்பிட்டேன்! மழைச் சத்தத்துல கேக்கல!"

பசி பொறுக்காமல் வில்மார் கப்புகளுக்கு நடுவே இருந்த தன் தோர்த்தாவை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். தாயும் மகளும் ஒரே சமயத்தில் அவர் கையைப் பிடித்தார்கள்.

"அத வையி" என்றாள் மிர்தா. "அதுதான் அவங்களோட பத்தாம் நம்பர்."

வில்மார் பத்தாம் நம்பரை இருந்த இடத்திலேயே வைத்தார். சூடு ஆறிக்கொண்டிருந்தது.