சில முள், பல முள்

என் மாமனார் என் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்டது ஒரே ஒரு முறைதான்.

எங்கள் வயல் காவிரியின் கடைமடையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புயலில் கடல்நீர் புகுந்த பிறகு அதில் நெல் விளையவில்லை. அன்று காலை கொட்டாங்கச்சியில் சேற்றோடு ஒரு புழுவை ஏந்தி வந்தார்.

"மண்புழு திரும்பிடுச்சும்மா. நிலம் தேறிடுச்சு. நீ புழுதானே படிச்ச, பாத்துச் சொல்லு. நாத்து விட்டுடலாம்."

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். அந்தக் காலத்து ஆய்வாளர்கள் எல்லாப் புழுக்களையும் முதலில் ஒரே குவியலாகத்தான் போட்டு வைத்தார்கள். பிறகு உடம்பிலுள்ள முள்மயிரைப் பார்த்துப் பிரித்தார்கள். சில முள் என்றால் மண்புழு, பல முள் என்றால் கடற்புழு. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். இரு பக்கமும் துடுப்பு துடுப்பாகக் கால்கள், ஒவ்வொன்றிலும் கொத்தாக முள். வயலில் இதை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாகத்தான் நிமிர்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"மண்புழு இல்ல மாமா. கடல் புழு. உப்புத் தண்ணி இருக்குற எடத்துலதான் இருக்கும்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

கொட்டாங்கச்சியை வாங்கிக்கொண்டு வயலுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். வடிகாலில் வீசப் போகிறார் என்று நினைத்தேன். எடுத்த இடத்திலேயே குனிந்து அதை விட்டார்.

"இனிமே இது அதோட வயலும்மா. இருந்துட்டுப் போவட்டும்."

அதன் பிறகு நாங்கள் நாற்று விடவில்லை. பாடம் மட்டும் வருஷா வருஷம் வருகிறது. கரும்பலகையில் 'பல முள்' என்று எழுதியதும், பிள்ளைகள் பக்கம் திரும்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.