முழு நாளுக்கும் அரைப் பேர்

அரை என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதற்கு முன்னமே எனக்குத் தெரியும். அம்மா அதைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, என்று கணக்கு. விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வரிசையாக நின்று, கங்காணி காட்டிய மலைக்கு ஏறி, பொழுது சாயும்வரை கொழுந்து எடுக்கவேண்டும். கடைசியில் தராசில் சொன்ன றாத்தல் எடை இருந்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். நாள் முழுக்க நின்றதெல்லாம் கணக்கில் வராது. கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமலே "அரை" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையைப் பார்ப்பார்.

அம்மாவுக்கு இளைப்பு. பனிக்காலத்தில் கை ஓடாது. இருட்டுகிற நேரத்தில் எங்கள் வரிசை வீடு இருந்த லயத்துக்கு வந்து, இடுப்பில் கட்டிய நனைந்த சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, "இன்னைக்கும் அரைதான்" என்பார். நான் கண்ட அரை அதுதான். இருட்டோடு போய் இருட்டோடு வருகிற அரை. அதற்கு இன்னொரு பாதி எங்கேயோ இருக்கவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர். அடிப்பார். அடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுப்பார். ஐந்தாம் வகுப்பு முடித்தால் அங்கே மேலே படிக்க வழியில்லை. தலவாக்கலையில் பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. வட்டகொடையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். அங்கே அனுப்ப வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்குத்தான் எழுதிக்கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர் ஐயா அந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும்.

அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"எழுதிக் குடுத்தாங்கன்னா போகட்டும். இல்லாட்டிக் கூடையக் கட்டு."

வாசிப்பில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். என்னை மறித்துக்கொண்டு நின்றது பின்னம். மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடுவேன்.

வாத்தியார் சிலேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தனீ. சேத்தாப் பிறகு அரையிலும் குறைஞ்சு போச்சே. அதெப்பிடி?"

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. சேர்க்கச் சேர்க்கக் குறையக்கூடாது என்று ஏன் சொல்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. கையை நீட்டச் சொன்னார். கையில் இரண்டு விழுந்தது.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். விளங்கிக்கொள்ளப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாடம் பண்ணினேன். கீழே உள்ளதைப் பெருக்கு, குறுக்கே பெருக்கு, கூட்டிப் போடு. அடுப்படியில் உட்கார்ந்து எழுதி எழுதி அழித்தேன். தேவாரம் ஒப்பிப்பது மாதிரி வாய் ஓடியது. விடைகள் சரியாக வந்தன. வாத்தியார் சந்தோஷப்பட்டு, அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் முன்னால் என்னைத்தான் நிறுத்துவதாக அப்பாவிடம் சொன்னார். அம்மா எனக்காக வெள்ளைச் சட்டை ஒன்றை இரவல் வாங்கி வந்து, செம்பில் நெருப்புத் தணல் போட்டுத் தேய்த்துவைத்தார்.

இன்ஸ்பெக்டர் ஐயா வந்த அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் உரக்கப் பேசவேண்டியிருந்தது. கரும்பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும் எழுதிக் கூட்டச் சொன்னார். ஆறில் ஐந்து என்று போட்டேன். வாத்தியார் முகம் மலர்ந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா கெட்டவர் இல்லை. எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் அடுத்ததைக் கேட்டிருப்பார்.

"தோட்டத்துப் பிள்ளைதானே, தோட்டத்துக் கணக்கே கேட்கிறேன். அரை நாள் வேலை செய்தால் அரைப் பேர். முழு நாளும் வேலை செய்தால் எவ்வளவு?"

இதற்குப் பாடம் வேண்டியதே இல்லை என்று நினைத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு.

"அதுவும் அரைதாங்க ஐயா."

"வடிவா யோசிச்சுச் சொல்லு பிள்ளை," என்றார் வாத்தியார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"யோசிச்சுத்தாங்க சார் சொல்றேன். எங்கம்மா முழு நாளும்தான் நிக்கிறாங்க. அரைதான் விழுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவன் "ஏய் அரைப்பேரு" என்றான். அந்தப் பேர் எனக்கு ஒட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் ஐயா சிரிக்கவில்லை. வாத்தியார் பக்கம் திரும்பி, "பாடம் பண்ணியிருக்கு. விளங்கவில்லை," என்றார். அவர் சொன்னது உண்மை. கங்காணி மகனைக் கூப்பிட்டார்கள். அவன் "ஒன்று" என்றான்.

நான் வீட்டுக்குப் போகுமுன் சங்கதி லயம் முழுக்கப் போயிருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தலவாக்கலைக்குப் போகமுடியாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏண்டி, எம் பேர அங்க கொண்டுபோயா வைக்கணும்? அத்தன ஆளுக்கு முன்னால."

"கணக்குக் கேட்டாங்கம்மா."

"கணக்குக் கேட்டா கணக்கச் சொல்லு. என்னைய ஏன் சொன்ன?"

நான்தான் சட்டையைக் கழற்றி மடித்து, கொடுத்தவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த மாதம் கூடை கட்டினேன். முதல் நாள் மலையில் நான் தேயிலைச் செடி நிரைக்கு வந்ததும் ஒரு அக்கா, "படிச்ச புள்ள வந்திருக்கு, ஒதுங்கி வழி விடுங்கடி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா பக்கத்து நிரையில் நின்றார், திரும்பவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கணக்கப்பிள்ளை அம்மாவின் கூடைக்கு "அரை" என்றார். என் கூடைக்கும் அதையே சொன்னார்.

இரண்டு பேரும் ஒன்றாக இறங்கி வந்தோம். பின்னால் நான் பல வருஷம் கொழுந்து எடுத்தேன். யாரும் என் வேலையைக் குறை சொல்லும்படி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாதையில் இறங்கும்போது மனதுக்குள் அரையையும் அரையையும் கூட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. பாடம் பண்ணிய வழியில் ஒன்று வந்தது. எனக்கு அது நம்பிக்கையாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா என் சிலேட்டை எடுத்துத் தண்ணீர்ப் பானையை மூடினார். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அது அங்கேயே இருந்தது.